அன்றைக்கு என் வகுப்பில் என் பிள்ளைகள் இல்லை

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் முழுதாகத் திறந்ததற்கு மறு வருடம் நடந்தது இது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், வேதியியல் துறையில் நான் கௌரவ விரிவுரையாளர். இப்போதும் அங்கேயேதான் இருக்கிறேன். பெயரில் மட்டும்தான் கௌரவம். ஜூன் மாதம் பிறந்தால் இந்த வருடம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் முதலாண்டில் சேர்ந்தவர்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடங்களைப் போனிலேயே படித்தவர்கள். அதுவும் வீட்டில் இருக்கிற ஒரே போன் அண்ணன் கையில் இல்லாத நேரத்தில். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தால் இங்கே எல்லாம் ஆங்கிலம். நான் பாடம் நடத்துவேன், எழுதிக்கொள்வார்கள். கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் பெஞ்சைப் பார்க்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். சுவரிடம் பேசினால்கூட எதிரொலியாவது வரும் என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

ஒரு நாள் என் ஸ்கூட்டர் பஞ்சர். கல்லூரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். வெயிலுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை. நிழற்குடைக்குள் என் வகுப்புப் பிள்ளைகள்தான். வகுப்பில் வாயே திறக்காத அதே கூட்டம் அங்கே கத்திக்கொண்டிருந்தது. நடுவில் கீழச்சிவல்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி. ஒல்லியான பெண், எப்போதும் மூன்றாவது பெஞ்சு ஓரம். அன்று காலையில் நான் தொண்டை வறள நடத்திய இயங்கு சமநிலையை அவள் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ரியாக்‌ஷன் எல்லாம் நின்னு போச்சுன்னா நினைக்கிற? நிக்கலடி. நம்ம பஸ்ஸப் பாரு. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நாலு பேரு இறங்குறாக, நாலு பேரு ஏறுறாக. உள்ள கூட்டம் அப்படியேதான இருக்கு? ஆனா ஆளு மாறிக்கிட்டே இருக்கு. அதைத்தான் மேம் சொன்னாக."

எத்தனையோ வருடங்களாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். இவ்வளவு எளிதாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. ஒருத்தி உடனே குறுக்கே கேட்டாள்: ஏறுகிறவர்கள் அதிகமானால் என்னவாகும்? அப்புறம் சண்டை, சிரிப்பு, அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்கள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். இந்தப் பேச்சு ஏன் ரோட்டைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்கிறது என்று அன்று முழுக்க யோசனை.

மறுநாள் முதல் ஒரு ஏற்பாடு செய்தேன். பாடத்தின் கடைசிக் கால்மணி நேரம் நான் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் வட்டமாகத் திரும்பி உட்கார்ந்து, நடத்தியதைத் தமிழில் பேச வேண்டும். என் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. முதல் வாரம் குசுகுசு. அப்புறம் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருகிற அளவுக்குச் சத்தம். அந்தப் புகாரைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதுபோல் வாழ்க்கையில் எதற்கும் பட்டதில்லை.

ஆனால் கால்மணி நேரம் எந்த மூலைக்கு? மேலும் ஒரு மணி நேரம் வேண்டும். கல்லூரி விட்டதும் வருகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். எந்த வீட்டில் விடுவார்கள்? இதற்கிடையில் முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. பஸ் உதாரணம் சொன்ன அந்தப் பெண் வேதியியலிலும் ஆங்கிலத்திலும் அரியர். விஷயம் தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுதத் தெரியவில்லை. அவள் வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். அவர், இன்னொரு தடவை பெயிலானால் படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவளே வந்து, யாரோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் துறைத்தலைவர் ஒரு அறிவிப்பைக் கொண்டுவந்தார். கல்லூரிகளில் கற்பித்தலை மேம்படுத்த நல்ல திட்டம் இருந்தால் நிதி தருகிறார்களாம். அவர் தங்கமான மனிதர், ஓய்வு பெறும் வயது. என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளர் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. அதனால் அவர் பெயரில் போடுவது, நான் எழுதுவது என்று முடிவாயிற்று. திட்டம் சின்னதுதான். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது. முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு வேன். எனக்கு அந்த வேன்தான் முக்கியம்.

விண்ணப்பம் எழுதுவது இருக்கிறதே, அது ஒரு தனி வித்தை. நான் பஸ் ஸ்டாப்பில் கேட்டதை அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, பஸ் ஸ்டாப்புன்னு எழுதுனா அவுக படிப்பாகளா? நம்மளக் கேலி பண்ணுவாக."

பஸ் ஸ்டாப் போய், வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்று வந்தது. வேன், மாணவர் ஆதரவுச் சேவை ஆனது. எதிர்பார்க்கும் விளைவு என்ன என்று ஒரு இடத்தில் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் பேசுவார்கள் என்று எழுதினேன். அதை எதை வைத்து அளப்பீக என்று கேட்டு அதையும் அடித்தார். துறையில் உட்கார்ந்து, அவர் வீட்டிலிருந்து வருகிற முறுக்கைக் கொறித்துக்கொண்டே இப்படி வாரக்கணக்கில் சண்டை போட்டு எழுதினோம். படித்துப் பார்த்தால் எனக்கே அது எந்த ஊர்க் கல்லூரி என்று தெரியவில்லை. ஆனாலும் முதல் கட்டத்தில் தேர்வாகிவிட்டது. குழு நேரில் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லும் என்றார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வகுப்பில் போய், அநேகமாக வேன் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாமா, சரி, வேன் வருதான்னு பார்ப்போம் என்று கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். அதை வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு சிரிப்பு.

குழு வந்த அன்று கல்லூரி கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழைமரம், பெரிய கோலம். எங்கள் பக்கத்தில் யார் எதற்கு வந்தாலும் விருந்தில் குறை வைத்துவிட்டால் அது ஜென்மத்துக்கும் பேச்சாகிவிடும். பின்பக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் விடிகாலையிலேயே அடுப்பு மூட்டியாகிவிட்டது. என்னிடம் காரைக் கொடுத்து, காரைக்குடி விடுதியிலிருந்து குழுவை அழைத்துவர அனுப்பினார்கள். வயதான தலைவர் ஒருவர், ஒரு பெண் பேராசிரியர், செலவுக் கணக்குகளைப் பார்க்கிற ஒரு அலுவலர். பெண் பேராசிரியர் வழியெல்லாம் நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டார். பிள்ளைகள் தமிழில் பேசும்போது தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன செய்வீர்கள் என்றுகூடக் கேட்டார். விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்திருந்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லோரும் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஆனால் அதில் என் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை.

எல்லாம் மூன்றாம் வருடப் பிள்ளைகள். ஆங்கிலம் நன்றாகப் பேசக்கூடியவர்களாகப் பொறுக்கி உட்கார வைத்திருந்தார்கள். கதவோரம் துறைத்தலைவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பல கல்லூரிகளில் நடப்பதுதான் இது. ஆய்வுக்கு ஆள் வந்தால் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளை முன்னால் வைப்பது, மற்றவர்களைக் கண்ணில் படாமல் வைப்பது. எனக்கும் தெரியாத வழக்கம் இல்லை. ஆனால் பேசத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கேட்கிற நிதிக்கும் இப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாடத்தை ஆரம்பித்தேன். வாய் பேசுகிறது, மனம் எங்கோ இருக்கிறது. சமநிலை என்றால் என்ன என்று கேட்டதும் முன் வரிசையில் ஒருத்தி எழுந்து புத்தகத்தில் உள்ளதை ஆங்கிலத்தில் அட்சரம் பிசகாமல் சொன்னாள். குழுத் தலைவர் திருப்தியாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறும் கோபம்தான்.

"மன்னிச்சுக்கங்க சார். இவங்க மூணாம் வருஷம். விண்ணப்பத்துல நான் எழுதின பிள்ளைங்க இவங்க இல்ல. இதோ கூட்டிட்டு வரேன்."

யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

எங்கே இருப்பார்கள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. தரையில் உட்கார்ந்து வாழை இலையை நறுக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். பந்தி பரிமாறும் வேலையை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து வாங்க, வகுப்புக்கு வாங்க என்றேன். ஒருத்தி ஏதோ கேட்க வந்தாள். காதில் வாங்காமல் அந்தக் கீழச்சிவல்பட்டிப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கை ஈரமாக இருந்தது.

பெஞ்சுகளில் இடமில்லை. என் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சுடிதாரில் தண்ணீர்க் கறை, ஒருத்தி கையில் இலை துடைத்த துணி. மூன்றாம் வருடப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பேராசிரியர் மிகவும் கனிவாக, தமிழிலேயே கேட்டார்: "நீங்க எப்படிப் படிக்கிறீங்க, சொல்லுங்கம்மா. யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "அந்தப் பஸ்ஸைப் பத்திச் சொல்லும்மா" என்று அவளைப் பார்த்துக் கெஞ்சினேன்.

அவள் நிமிர்ந்தாள். குழுவைப் பார்த்தாள், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள், தமிழில் சொன்னால் மேமுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தாளோ என்னவோ, ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ஈக்விலிப்ரியம் ஈஸ் என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் அதையே சொன்னாள். தமிழில் சொல்லும்மா என்று அந்த அம்மாவும் சொன்னார், நானும் சொன்னேன். அதற்குள் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவள் தலை தொங்கிவிட்டது. பிறகு அவளிடமிருந்து எந்த மொழியிலும் ஒரு வார்த்தை வரவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பிடப் போகலாமா என்று துறைத்தலைவர் கேட்டார்.

பந்தியில் என்னையும் குழுவோடு உட்கார வைத்தார்கள். பரிமாறியது அதே பிள்ளைகள்தான். வேறு ஆள் ஏற்பாடு செய்திருக்கவில்லை. என் இலைக்கு அவள்தான் அப்பளம் வைத்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். பக்கத்தில் அலுவலர் பாயசம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். சத்தம் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். உங்களை ஒளித்து வைத்தது தப்பு, அதனால்தான் கூப்பிட்டேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்குக் கோபம் இருந்ததாகக்கூடத் தெரியவில்லை.

"எங்களை அங்குட்டே விட்டிருக்கலாம்ல மேம். நல்லாத்தான் இருந்தோம்."

"அது பொய்யில்லையாம்மா? உங்க இடத்துல வேற பிள்ளைங்க உட்கார்ந்தா?"

"கூட்டம் அதேதான மேம்? ஆளுதான வேற. அவுகளுக்குத் தெரியவா போகுது?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை. முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். முன்னால் எத்தனையோ விண்ணப்பம் போட்டுத் தோற்றவர் அவர். "நான் செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேம்மா" என்றார். "ஆனா பொய் சொல்லி வாங்குனாலும் வேன் வேன்தான. பிள்ளைக ஏறிப் போயிருக்கும்ல?" டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

சில வாரங்கள் கழித்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் முயற்சியைப் பாராட்டி, இந்த முறை இயலவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். வேன் வரவில்லை. மாலை வகுப்பும் இல்லை. கால்மணி நேரப் பேச்சைத் தொடர்ந்து பார்த்தேன். வட்டமாக உட்கார்ந்தார்கள், நான் சொன்னதற்காகக் குசுகுசுத்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வருவது நின்றுவிட்டது. அந்தப் பெண் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் பருவத்திலும் அவளுக்கு அரியர் விழுந்தது. கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது அவள் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாமாவிடம் பேசிப் பார்க்கலாம் என்று நினைப்பு. அவர் இல்லை, அவளும் இல்லை. அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வைக்கட்டுமா என்று கேட்டார்.

"அது கோயமுத்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போயிருச்சுங்க. தங்குறதுக்கு இடமெல்லாம் அவுகளே தாராகளாம். ஒங்களப் பத்தி எப்பவும் பெருமையாத்தான் சொல்லும். எங்க மேம் எங்களைத்தான் கூப்பிட்டாக, வேற ஆள வச்சு ஏமாத்தலைன்னு."

அந்த வார்த்தையை அவர் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். அதற்குப் பதிலாக நாலு வசவு வாங்கியிருந்தால் தேவலை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் திருப்பத்தூர் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன்.

துறைத்தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நிதிக்கு அப்புறம் நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. அன்றைக்கு நான் செய்தது சரியா தப்பா என்று பலமுறை எனக்குள்ளேயே வழக்காடிவிட்டேன். அதே மாதிரி மறுபடியும் நடந்தால் எனக்கு அதே கோபம்தான் வரும். ஆனால் இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்களிடம், வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஒளித்து வைத்த அவரும் அவர்களைக் கேட்கவில்லை, இழுத்து வந்த நானும் கேட்கவில்லை. பேச வேண்டும் பேச வேண்டும் என்று வாரக்கணக்கில் எழுதிய இரண்டு பேரும்தான் இப்படிச் செய்தோம்.

இயங்கு சமநிலை நடத்தும்போது இப்போதும் அந்தப் பஸ்ஸைத்தான் சொல்கிறேன். உங்களைப் போல ஒரு பிள்ளை சொன்னது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது, சிரிக்கிறார்கள். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் இப்போது வேறு ஒருத்தி உட்காருகிறாள். வகுப்பு எப்போதும்போல் நிறைந்துதான் இருக்கிறது. கூட்டம் அதேதான் என்று நான் சொல்லும்போது மட்டும், இறங்கிப் போன அந்த ஒருத்தியின் ஈரக் கை என் கைக்குள் இருப்பதுபோல் இருக்கிறது.